பல் இம்ப்ளாண்ட்டைக் கண்டுபிடித்தது யார், பல் மாட்ட ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

இங்கே இரண்டு கேள்விகள் சேர்ந்து வந்திருக்கின்றன. பல் இம்ப்ளாண்ட் எகிப்தியர் காலத்திலேயே இருந்ததா, இல்லை ஸ்வீடனில் ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடித்ததா என்பது ஒன்று. சில மருத்துவர்கள் ஒரே நாளில் பல்லை மாட்டி அனுப்புகிறார்கள், சிலர் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள், ஏன் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான பதில் முதலாவதின் வரலாற்றுக்குள்ளேயே இருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

இம்ப்ளாண்ட் என்பது வெளியே தெரியும் பல் அல்ல. தாடை எலும்புக்குள் இறங்கி, பல்லின் வேர் இருந்த இடத்தில் உட்காரும் ஸ்க்ரூதான் இம்ப்ளாண்ட். அதன் தலையில் ஒரு இணைப்புத் துண்டு, அதற்கு மேல் கேப். கேப் செய்யும் கலை ரொம்பப் பழையது. சிக்கல் எப்போதும் கீழேதான் இருந்தது: வெளியிலிருந்து வந்த ஒரு பொருளை எலும்பு எப்படி ஏற்றுக்கொள்ளும்?

எகிப்து விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பழங்கால எகிப்தியர்கள் இம்ப்ளாண்ட் வைத்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரின் தாடையில் அப்படி வைத்ததற்கு உறுதியான சான்று கிடையாது. அந்தப் பக்கத்துப் பழைய நாகரிகங்களில் கிடைத்தவை பெரும்பாலும் தங்கக் கம்பியால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டியவை. இன்றைய லெபனானில் உள்ள சீதோனில் கிடைத்த ஃபினீசியத் தாடையும், இத்தாலியின் எட்ருஸ்கர்கள் செய்த தங்கப் பட்டைகளும் இந்த வகைதான். இன்றைய கணக்கில் அவை பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களின் பிடிப்பில் நிற்கும் செயற்கைப் பல். எலும்புக்குள் எதுவும் இறங்கவில்லை.

எலும்புக்குள் இறங்கியதற்குப் பழைய சான்று வேண்டுமானால் மத்திய அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1931இல் ஹோண்டுராஸில் பிளாயா டி லோஸ் முவெர்தோஸ் என்ற இடத்தில் வில்சன் பொப்பனோவும் அவர் மனைவியும் அகழ்ந்தபோது ஒரு கீழ்த்தாடைத் துண்டு கிடைத்தது. சுமார் கி.பி. 600ஐச் சேர்ந்த மாயா நாகரிகத்து இளம்பெண்ணின் தாடை. முன்பல் மூன்று இல்லை. அந்த மூன்று குழிகளிலும் சிப்பி ஓட்டைப் பல் வடிவத்தில் தேய்த்துச் செருகியிருந்தார்கள். இறந்த பிறகு சடங்குக்காக வைத்திருப்பார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1970இல் பிரேசிலைச் சேர்ந்த அமாதியோ பொபியோ அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இரண்டு சிப்பித் துண்டுகளைச் சுற்றி எலும்பு கெட்டியாக வளர்ந்திருந்தது. பிணத்தில் எலும்பு வளராது. அதாவது அந்தப் பெண் அந்தப் பற்களோடு வாழ்ந்திருக்கிறார். பிரான்ஸில் சாந்தாம்பிர் என்ற இடத்தில் கிடைத்த ரோமானியர் காலத்து இரும்புப் பல்லையும் 1998இல் இம்ப்ளாண்ட் என்று அறிவித்தார்கள், ஆனால் அது இம்ப்ளாண்ட்தானா என்று சந்தேகம் எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். மாயாத் தாடையின் மீது எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்தத் திசையில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஒருவர் பல்லைப் பிடுங்கி இன்னொருவருக்கு வைக்கும் பழக்கம் பரவியது. பணக்காரர்களின் வாய்க்காக ஏழைகள் தங்கள் பல்லை விற்றார்கள். அந்தக் காலத்தின் பெரிய அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் ஒரு மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் பதித்து, அது அங்கே பிடித்துக்கொண்டதைக் காட்டினார். கொண்டையில் பிடித்தது மனித வாயில் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் பல் கரைந்து விழுந்தது, கூடவே மேகநோய் போன்ற தொற்றுகளும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயின. இந்த வரலாற்றில் படிக்கவே மனம் கஷ்டப்படும் பகுதி இதுதான்.

உலோகத்தின் முறை 1809இல் தொடங்குகிறது. மாஜியோலோ என்பவர் தங்கத்தில் வேர் செய்து, அப்போதுதான் பல் பிடுங்கிய குழியில் வைத்தார். ஈறு புண்ணாகி வீங்கியது. பிறகு பிளாட்டினம், ஈயம், வெள்ளி, பீங்கான் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். இந்தக் கூட்டத்தில் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டியவர் அமெரிக்காவின் கான்சாஸில் இருந்த கிரீன்ஃபீல்டு. 1913 வாக்கில் அவர் விவரித்த இம்ப்ளாண்ட், இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியைத் தங்கத்தால் பற்றவைத்த ஒரு உருளைக் கூடை. அதே அளவுக்கு வட்டமாக வெட்டும் கருவியால் எலும்பில் பள்ளம் போட்டு, நடுவே எலும்பை அப்படியே விட்டு, கூடையை இறுக்கமாக இறக்கினார். சுத்தம், எலும்போடு நெருக்கமான தொடர்பு, சில வாரம் ஆறவிட்டு அதன் பிறகு பல் மாட்டுவது என்று அவர் வலியுறுத்திய மூன்றும் இன்றைக்கும் சரி. உலோகம்தான் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

1930களில் எலும்பு முறிவு மருத்துவத்திலிருந்து ஒரு நல்ல சரக்கு வந்தது: கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த வைட்டாலியம். உடலுக்குள் அரிக்காத கலவை. பாஸ்டனில் ஆல்வின் ஸ்ட்ராக், மோசஸ் ஸ்ட்ராக் என்ற சகோதரர்கள் மரத்துக்குப் போடும் ஸ்க்ரூ மாதிரியான வடிவில் இதைச் செய்து தாடையில் வைத்தார்கள். சில ஆண்டுக்கணக்கில் நின்றன. பிறகு இத்தாலியின் ஃபார்மிஜினி சுருள்கம்பி வடிவத்தைக் கொண்டுவந்தார். ஸ்வீடனின் குஸ்தாவ் தால் எலும்பைத் துளைக்காமல் அதன் மேல், ஈறுக்கு அடியில் உலோகச் சட்டத்தை உட்காரவைத்தார். 1960களில் அமெரிக்காவின் லெனார்ட் லின்கோ தகடு வடிவ இம்ப்ளாண்ட்டைப் பரப்பினார், மெல்லிய எலும்பிலும் வைக்க முடியும் என்பதால் அது ஆயிரக்கணக்கானோருக்குப் போனது.

இந்த எல்லாவற்றிலும் இருந்த பிரச்சினையைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை எளிது. இயற்கைப் பல்லின் வேர் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நார்த்திசு ஒன்று இருக்கிறது. அதன் நார்கள் எலும்புக்கும் வேருக்கும் இடையே குறுக்காக ஓடி இரண்டு பக்கமும் பதிந்திருக்கும். கடிக்கும்போது பல் நூலிழை அசைய அதுதான் காரணம். பழைய இம்ப்ளாண்ட்களைச் சுற்றியும் ஒரு நார் உறை உருவானது. அதைப் பார்த்த பலர், இயற்கையில் இருப்பது போலவே வந்திருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தார்கள். உண்மையில் அது தழும்புத்திசு. அதன் நார்கள் உலோகத்தில் பதியாமல் அதைச் சுற்றிப் படிந்தபடி ஓடும். அந்நியப் பொருளை உடல் ஒதுக்கிவைக்கும் வழி அது. அந்த உறைக்குள் இம்ப்ளாண்ட் மெல்ல ஆடும், ஆட்டத்தில் உறை தடிக்கும், ஈறோரமாகக் கிருமி இறங்கும், கடைசியில் சுற்றியிருந்த எலும்பையும் சேர்த்துக் கரைத்துவிட்டு வெளியே வரும். அடுத்ததை வைக்க எலும்பு மிஞ்சாது. அதனால்தான் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவர்கள் 1970கள் வரை இம்ப்ளாண்ட் என்றாலே முகம் சுளித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, தோற்றுப்போனவற்றைத் தினமும் பிடுங்கியவர்கள் அவர்கள்.

சரி, டைட்டானியத்துக்கு வருவோம். தற்செயலாகக் கிடைத்தது என்ற கதை பாதிதான் உண்மை. 1940இலேயே போத், பீட்டன், டேவன்போர்ட் என்ற மூவர் பூனைகளின் எலும்பில் பல உலோகங்களை வைத்துப் பார்த்து, டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டப் பார்க்கிறது என்று எழுதிவிட்டார்கள். 1951இல் காட்லீப் லெவன்தால் எலிகளின் தொடை எலும்பில் டைட்டானிய ஸ்க்ரூக்களைப் போட்டார். ஆறு வாரத்தில் அவை போட்டபோது இருந்ததைவிட இறுகியிருந்தன. பன்னிரண்டு வாரத்தில் கழற்றுவது இன்னும் கடினமாயிற்று. பதினாறு வாரத்தில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி எடுக்கப் பார்த்தபோது ஸ்க்ரூ வரவில்லை, எலும்பு முறிந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு உலோகம் தன்னை அறிவித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பல் பக்கம் யாரும் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு, 1952இல், ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வர் பிரோனமார்க் என்ற இளம் மருத்துவ ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் மஜ்ஜையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று உயிரோடு இருக்கும்போதே பார்க்க முயன்றுகொண்டிருந்தார். அதற்காக எலும்பில் திருகும் சிறு உலோகக் கூடு ஒன்று செய்தார். அதில் ஒளி புகும் ஒரு சன்னல், அதன் மேலே மைக்ராஸ்கோப். எலும்பு மருத்துவத்தில் உலோகங்களைச் சோதித்துக்கொண்டிருந்த ஹான்ஸ் எம்னியஸ் டைட்டானியத்தைப் பரிந்துரைத்தார். ஆய்வு முடிந்து கூடுகளை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தின் மரைக்குள்ளேயே வளர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். பிரோனமார்க்கின் பெருமை உண்மையில் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. கூடு ஒட்டிக்கொண்ட நாளுக்கும் முதல் நோயாளிக்கும் இடையே 13 ஆண்டுகள். அதற்குள் அவர் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறி, நாய்களில் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைத்து, அதன் மேல் பல் மாட்டி, வருடக்கணக்கில் கடிக்கவிட்டுப் பார்த்தார். தன்னார்வலர்களின் கையில் சிறு டைட்டானியக் கூடு வைத்து, மனித உடல் அதை எப்படித் தாங்குகிறது என்று கவனித்தார். பிறகு 1965இல், பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறைபாடும் கொண்ட யோஸ்தா லார்சன் என்ற 34 வயதுக்காரரின் கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளாண்ட்கள் வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவரோடு இருந்தன.

அவர் கையாண்ட முறையும் பொருளுக்குச் சமமாக முக்கியம். மரத்தில் ஆணி அடிப்பது போல எலும்பில் எதையும் இறக்கிவிட முடியாது, எலும்பு உயிருள்ள திசு. துளைக்கும்போது எழும் சூடே அதைக் கொல்லும். பிற்பாடு 1983இல் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல்களில் அளந்து, 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தால் எலும்பு பாதிக்கப்படுகிறது என்று காட்டினார்கள். ஒருவர் குடிக்கும் காப்பி அதைவிடச் சூடு. இன்றைக்கும் அறுவையின்போது பார்த்தால் தெரியும்: முதலில் மெல்லிய டிரில், அப்புறம் கொஞ்சம் தடித்தது, அப்புறம் இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாகத்தான் துளையைப் பெரிதாக்குவார்கள். உப்புநீர் விடாமல் பாய்ந்துகொண்டிருக்கும். டிரிலை அழுத்தித் தள்ளாமல் மேலும் கீழும் எடுத்து எடுத்து வைப்பார்கள், சிக்கிய எலும்புத்தூள் வெளியே வரவும் நீர் அடிவரை போகவும். கடைசியில் இம்ப்ளாண்ட்டை நிமிடத்துக்குச் சில சுற்றுகள் என்ற வேகத்தில், கிட்டத்தட்டக் கையால் திருகும் நிதானத்தில் இறக்குவார்கள். பிரோனமார்க் அதற்கு மேல் ஈறை மூடித் தையல் போட்டார். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் எதுவும் மாட்டக் கூடாது. அதன் பிறகே ஈறைத் திறந்து பல். மேல்தாடைக்குக் கூடுதல் காலம், அங்கே எலும்பு பஞ்சு மாதிரி மென்மையாக இருப்பதால்.

டைட்டானியம் ஏன்? காற்று பட்ட கணத்திலேயே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறினாலும் உடனே மறுபடி உருவாகும். எலும்புச் செல்கள் தொடுவது அந்தப் படலத்தைத்தான், உலோகத்தை அல்ல. அரிப்பு கிடையாது, அதனால் உடல் அதை எதிரியாக நடத்துவதில்லை. விறைப்பில் ஸ்டீலில் ஏறக்குறையப் பாதிதான் என்பதால் கடியின் பாரத்தை எலும்போடு ஓரளவு பகிர்ந்துகொள்ளவும் செய்கிறது.

ஸ்வீடனில் பிரோனமார்க்குக்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. அவர் பல் மருத்துவரே இல்லை, உடற்கூறு பேராசிரியர். எதிர்ப்பை அவர் பேச்சால் வெல்லவில்லை, கணக்கால் வென்றார். 1970களின் நடுவில் அரசின் சுகாதார அமைப்பு வெளிப் பேராசிரியர்களை வைத்து அவருடைய நோயாளிகளைப் பரிசோதித்தபோது தீர்ப்பு சாதகமாக வந்தது. 1977இல் பத்தாண்டு அனுபவத்தை வெளியிட்டார்கள். 1981இல் அவர் குழு வெளியிட்ட பதினைந்தாண்டு ஆய்வில் 371 நோயாளிகளின் 2,768 இம்ப்ளாண்ட்கள் இருந்தன. ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் கவனித்தவற்றில் மேல்தாடையில் 81 சதவீதமும் கீழ்த்தாடையில் 91 சதவீதமும் நிலையாக நின்றன. எத்தனை தோற்றன என்பதையும் மறைக்காமல் எழுதியதுதான் என் பார்வையில் இந்தத் துறையின் திருப்புமுனை. அதற்கு முந்தையவர்கள் பெரும்பாலும் நின்றவற்றை மட்டும் காட்டினார்கள். 1982இல் டொராண்டோவில் ஜார்ஜ் சார்ப் கூட்டிய மாநாட்டில் இந்தக் கணக்கு வட அமெரிக்கப் பேராசிரியர்கள் முன் வைக்கப்பட்டது. அதன் பிறகு பல் மருத்துவக் கல்லூரிகளின் கதவு திறந்தது.

பிரோனமார்க்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சுவிட்சர்லாந்தின் ஆந்த்ரே ஷ்ரோடருக்கு அநியாயம். பெர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், எலும்பு முறிவுக்கான ஸ்க்ரூக்கள் செய்துகொண்டிருந்த ஸ்ட்ராமன் நிறுவனத்தோடு சேர்ந்து தனியாக இதே இடத்துக்கு வந்தவர். உலோகம் உள்ளே இருக்கும்போதே எலும்பைக் கரைக்காமல் மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறையால், நடுவே நார் இல்லாமல் எலும்பு டைட்டானியத்தைத் தொட்டு நிற்பதை 1976இல் கண்ணெதிரே காட்டினார். ஸ்வீடன்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை நம்பாதவர்களுக்கு அந்தப் படங்களுக்குப் பிறகு மறுக்க வழியில்லை. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது, ஈறுக்கு மேல் தலை தெரியும்படி ஒரே அறுவையில் முடிப்பது ஆகியவையும் சுவிஸ் பக்கத்திலிருந்து வந்தவை.

இந்த மேற்பரப்பு விஷயம்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வாசல். பிரோனமார்க்கின் ஸ்க்ரூ கடைசல் இயந்திரத்தில் இருந்து வந்த வழவழப்போடு இருந்தது. 1990களில் மணல் போன்ற துகளை வீசியடித்து, பிறகு அமிலத்தில் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கினார்கள். இரத்தக் கட்டி அந்தக் குழிகளில் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, எலும்புச் செல்கள் அதன் வழியாக வந்து உலோகத்தின் மேலேயே எலும்பு போடத் தொடங்குகின்றன. மூன்று மாதக் காத்திருப்பு நல்ல எலும்பில் ஆறு வாரமாகக் குறைந்தது.

ஒரே நாளில் மாட்டுவது எப்படிச் சாத்தியம்? இம்ப்ளாண்ட்டுக்கு இரண்டு விதப் பிடிப்பு உண்டு. இறக்கிய அன்றைக்கு இருப்பது வெறும் இயந்திரப் பிடிப்பு, மரை எலும்பைக் கவ்வுவதால் வருவது. வாரங்கள் போகப் போக வருவது எலும்பு வளர்ந்து தரும் பிடிப்பு. நடுவில் ஒரு பலவீனமான காலம் இருக்கிறது: முதல் சில வாரங்களில் பழைய எலும்பு கொஞ்சம் கரைந்துகொண்டிருக்கும், புதிது இன்னும் முழுதாக வந்திருக்காது. அப்போது இம்ப்ளாண்ட் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்தாலே எலும்புக்குப் பதில் பழையபடி நார் உறை வந்துவிடலாம். ஆக, நாள் கணக்கு விதி இல்லை, அசையாமல் இருப்பதுதான் விதி. எலும்பு கெட்டியாக இருந்து, இறக்கும்போதே நல்ல இறுக்கம் கிடைத்தால், அன்றே தற்காலிகப் பல் மாட்டலாம், அதுவும் எதிர்ப்பல் அதை இடிக்காதபடி. லிஸ்பனின் பாவ்லோ மாலோ 2003இல் வெளியிட்ட முறையில் முழுத் தாடைக்கும் நான்கே இம்ப்ளாண்ட்கள், பின்னால் இருக்கும் இரண்டும் சாய்வாக. நான்கையும் ஒரே பிரிட்ஜ் இறுக்கிக் கட்டிப்போடுவதால் தனித்தனியாக ஆட முடியாது. அதனால் அது அன்றே தாங்குகிறது.

எலும்பு மென்மையாக இருந்தாலோ, போதாமல் எலும்புத்தூள் வைத்து வளர்க்க வேண்டியிருந்தாலோ, மேல் கடைவாய்க்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் சவ்வைத் தூக்கி இடம் உண்டாக்கியிருந்தாலோ, காத்திருக்கச் சொல்பவர்தான் சரியாகச் சொல்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் சிகரெட் பிடிப்பவருக்கும் அதே பதில். ஒரே நாளில் முடியும் என்று யாரும் ஸ்கேன் பார்க்காமலே வாக்குக் கொடுத்தால் யோசியுங்கள். இறக்கும்போது கிடைக்கும் இறுக்கத்தைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும்.

இன்னும் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. எலும்போடு நேரடியாக ஒட்டியதால் கிடைத்த உறுதிக்கு ஒரு விலை உண்டு. அந்த நார்த்திசு இல்லாததால் கடியின் அழுத்தத்தை இயற்கைப் பல் உணர்வது போல இம்ப்ளாண்ட் உணர்த்தாது. வளரும் வயதில் வைத்தால் தாடை வளரும்போது பக்கத்துப் பற்கள் கீழே வரும், இது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும், அதனால் வளர்ச்சி முடியும்வரை வைப்பதில்லை. ஈறும் அப்படித்தான்: இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரில் பதிந்து ஒரு தடுப்பாக நிற்கும், இம்ப்ளாண்ட்டில் அந்தப் பதிவு இல்லை. அழுக்குப் படிந்து ஈறு வீங்கினால் தொற்று எலும்புக்கு வேகமாக இறங்கும். முன்பு ஈறுநோயில் பல்லை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். டைட்டானியத்துக்குப் பதிலாக வெள்ளைப் பீங்கான் வகையான சிர்கோனியாவில் செய்த இம்ப்ளாண்ட் வந்தபிறகும் இது மாறவில்லை.

1986இல் ஆல்பிரெக்ட்சனும் உடனிருந்தவர்களும் வகுத்த அளவுகோலில், முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே எலும்பு இறங்க வேண்டும். இதை வாயைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது, வலியும் இருக்காது. பல் மாட்டிய நாளில் எடுத்த எக்ஸ்ரேவின் பிரதி ஒன்றையும், வைத்த இம்ப்ளாண்ட்டின் கம்பெனி, அளவு, வரிசை எண் அடங்கிய அட்டையையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தை அதன் பக்கத்தில் வைத்து, எலும்பு மட்டம் எத்தனையாவது மரையில் நிற்கிறது என்று மருத்துவரைக் காட்டச் சொல்லுங்கள்.